கூலிக்கு யார் பொறுப்பு?

‘கொடுப்பனவுப் பாதுகாப்பு’ என்றொரு சொல் சில வருடங்களாக எங்கள் பகுதிக் கிராமங்களில் நடமாடுகிறது. ஒரு காலத்தில் ஏஜென்சி, விசா, கபீல் என்ற சொற்கள் வீட்டுக்கு வீடு புகுந்ததைப் போல இப்போது அப்வேர்க், ஃபைவர், பயோனியர் என்பவை புகுந்திருக்கின்றன. க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்களும், கலைப் பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருப்பவர்களும் அந்தச் சொற்களை உச்சரிக்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. அந்த வெளிச்சத்தை அணைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதைக் காட்டி மேடைகளில் சொல்லப்படுகிற ஒரு பொய்யைப் பொய்யென்று சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

பொய் இதுதான்: “வீட்டிலிருந்தபடியே டொலர் உழைக்கலாம். வேலை செய்தால் காசு கிடைக்காமல் போகாது. கம்பனியே பாதுகாப்புத் தருகிறது.” இளைஞர் வழிகாட்டல் கருத்தரங்கு என்ற பெயரில் பாடசாலை மண்டபங்களில் நடக்கும் கூட்டங்கள் எல்லாவற்றிலும் இந்த மூன்று வாக்கியங்களும் ஒரே வரிசையில் வருகின்றன. முதல் வாக்கியம் உண்மை. எங்கள் ஊரிலேயே அப்படி உழைத்து வீடு கட்டியவர் உண்டு. இரண்டாவது அரை உண்மை. மூன்றாவதைத்தான் நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். யார் யாருக்கு, எதற்கு எதிராக, என்ன நிபந்தனையில் பாதுகாப்புத் தருகிறார்கள் என்று அந்த மேடையில் எவரும் சொன்னதை நான் கேட்டதில்லை. சொல்பவர்களில் பலர் நிபந்தனைகளை வாசித்திருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆகவே வாசித்ததைச் சொல்கிறேன்.

இந்தத் தளங்களில் பெரியது அப்வேர்க். ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு கம்பனிகள் ஒன்றுசேர்ந்து 2015 இல் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டன. அங்கே வேலை இரண்டு வகையில் பேசப்படும். ஒன்று மணித்தியாலக் கணக்கு, மற்றது முழு வேலைக்கு ஒரு தொகை. மணித்தியால வேலைக்குத்தான் அந்தப் புகழ்பெற்ற பாதுகாப்பு உண்டு. ஆனால் அதைப் பெற வேண்டுமானால் தளம் தருகிற ஒரு மென்பொருளைக் கணினியில் ஓட விட்டே வேலை செய்ய வேண்டும். அது ஒவ்வொரு 10 நிமிடத்துக்குள்ளும் ஏதோ ஒரு கணத்தில் திரையைப் படம் பிடிக்கும். எத்தனை முறை விசை தட்டினீர்கள், எத்தனை முறை மவுஸை அழுத்தினீர்கள் என்று எண்ணும். அந்தப் படங்களும் எண்ணிக்கையும் வேலை தந்தவரின் பார்வைக்குப் போகும். மென்பொருளை ஓட விடாமல் வேலை செய்துவிட்டு நேரத்தைக் கையால் பதிந்தால் அதற்குப் பாதுகாப்பு இல்லை. வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்ற எல்லையைத் தாண்டினால் அதற்கும் இல்லை. பதிந்த வேலைக்கும் ஒப்பந்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று கண்டால், அல்லது விசைத் தட்டல் குறைவென்று கண்டால், அதற்கும் இல்லை.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். மொழிபெயர்ப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு வாக்கியத்துக்குச் சரியான வினைமுற்றைத் தேடி முகட்டைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டி வரும். அந்தக் கால்மணி நேரம்தான் வேலை. பிறகு விசையைத் தட்டுவது கைவேலை. இந்தப் பாதுகாப்போ கைவேலையை மட்டும் வேலை என்று எண்ணுகிறது. யோசிக்கிறவனைச் சோம்பேறி என்று பதிகிறது. எங்கள் வட்டைகளில் வெட்டுக்காரருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற போடியாரையாவது ஏமாற்ற முடியும். அவர் வெற்றிலை போடும்போது கொஞ்சம் நிமிரலாம். இந்தக் கண்காணிக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது.

மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாடு ஒரு நாளில் 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்தது. அந்த மாதங்களில் ரூபாய் சரிந்து டொலர் 200 இலிருந்து 360க்கும் மேலே போனபோது, ‘இப்போதுதான் டொலர் உழைக்க வேண்டும்’ என்று எல்லாரும் இந்தப் பக்கம் ஓடினார்கள். ஓடியவர்களுக்கு மடிக்கணினியில் இரண்டு மணித்தியாலச் சார்ஜ். அது முடிந்ததும் மென்பொருள் நின்றுவிடும். கொப்பியில் எழுதி வைத்து, கரண்ட் வந்த பிறகு தட்டச்சு செய்தவர்கள் உண்டு. கொப்பியில் எழுதிய மணித்தியாலங்களுக்கு எந்தக் கம்பனியும் பொறுப்பில்லை.

மற்ற வகையில், முழு வேலைக்கு ஒரு தொகை பேசும்போது, எஸ்க்ரோ என்றொரு ஏற்பாடு உண்டு. வேலை கொடுப்பவர் காசை முன்கூட்டியே தளத்திடம் ஒப்படைக்கிறார். வேலை முடிந்து அவர் ஏற்றுக்கொண்டதும் அது தொழிலாளிக்கு விடுவிக்கப்படுகிறது. 14 நாட்களுக்குள் அவர் வாய் திறக்காவிட்டால் தானாகவே விடுவிக்கப்படும். நியாயமாகப் பேச வேண்டும்: இது நல்ல ஏற்பாடு. நமது மொழியில் இதற்கு அமானிதம் என்று பெயர். இந்தக் கரையோர ஊர்களில் கூலி வேலை செய்த எந்த வாப்பாவுக்கும் இப்படியொரு வசதி இருந்ததில்லை. முல்லைக்காரன் விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை உழைத்துவிட்டு, போடியாரின் கடன் கொப்பியில் கழித்தது போக மிச்சமாகும் நெல்லைத்தான் கண்டான். நெல்லை முதலிலேயே மூன்றாம் ஆளிடம் அளந்து வைத்துவிட்டு வயலில் இறங்கு என்று அவனிடம் எவரும் சொன்னதில்லை. ஆகவே எஸ்க்ரோவைக் கண்டுபிடித்தவர்களை நான் ஏசவில்லை.

ஆனால் அந்த அமானிதத்தில் ஓட்டைகள் இருக்கின்றன. வேலையைப் பல கட்டங்களாகப் பிரித்து முதல் கட்டத்துக்கு மட்டும் காசை வைத்துவிட்டு, ‘அவசரம், மீதியையும் தொடங்குங்கள், நாளைக்கு வைக்கிறேன்’ என்பார்கள். நாளை என்ற நாள் வராது. வேலையை ஒப்படைத்த பிறகு திருத்தம், மறுதிருத்தம் என்று இழுத்து, கடைசியில் பாதிக் காசைத் திருப்பிக் கேட்பார்கள். பிணக்கு வந்தால் முதலில் தளத்தின் ஆட்கள் சமரசம் பேசுவார்கள். அதில் தீராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். அதற்கான செலவில் தொழிலாளியும் ஒரு பங்கு கட்ட வேண்டும். அந்தப் பங்கு நூற்றுக்கணக்கான டொலர். 80 டொலர் வேலைக்கு அதைவிடப் பல மடங்கு கட்டி நீதி கேட்க எந்தப் பைத்தியக்காரன் போவான்? எனவே சிறு தொகைக்காரனுக்கு நீதிமன்றக் கதவு திறந்திருக்கிறது, படிதான் இல்லை.

அதைவிடப் பெரிய பூட்டு ஒன்று உண்டு. நட்சத்திரம். வேலை தந்தவர் போடும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் அடுத்தவர் வேலை தருவார். வெளியே தெரியும் மதிப்பெண் போதாதென்று, தொழிலாளியின் கண்ணில் படாத இரகசிய மதிப்பீடும் கணக்கில் சேர்கிறது. ஆகவே, ‘காசைத் திருப்பித் தருகிறாயா, ஒற்றை நட்சத்திரம் போடவா’ என்று ஒருவர் கேட்டால் பையன் என்ன செய்வான்? திருப்பிக் கொடுக்கிறான். தளத்தின் கணக்கில் அது பிணக்கு அல்ல, விருப்பத்துடன் திருப்பிக் கொடுத்த பணம். இப்படிக் கொடுத்தவர்கள் மூன்று பேரை என் பழைய மாணவர்களுக்குள்ளேயே எனக்குத் தெரியும். மூவரும் கெட்டிக்காரர்கள்.

வேலை தேடுவதற்கே காசு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க ‘கனெக்ட்ஸ்’ என்ற வில்லைகளைச் செலவழிக்க வேண்டும். வில்லை ஒன்று 15 சதம், அதாவது அமெரிக்கச் சதம். ஒரு விண்ணப்பத்துக்குப் பல வில்லைகள் போகும். கிடைத்த வேலையிலும் தளத்துக்குக் கழிவு உண்டு. ஃபைவர் 20 வீதம் எடுக்கிறது. (ஃபைவர் 2010 இல் இஸ்ரேலில் தொடங்கப்பட்டது, தலைமையகம் டெல் அவீவில். குளிர்பானப் போத்தலைப் பகிஷ்கரிக்கச் சொல்லிப் பள்ளிவாசல் மதிலில் நோட்டிஸ் ஒட்டிய ஒரு சங்கம் அடுத்த மாதமே ஃபைவர் வகுப்புக்கும் பெனர் கட்டியிருந்தது. இதைப் பற்றி வேறு யாராவது தனியாக எழுதட்டும்.) மெல்பனில் தொடங்கிய 99டிசைன்ஸ் போன்ற இடங்களில் போட்டி வைப்பார்கள். ஒரு சின்னத்துக்குப் பலர் வரைந்து அனுப்ப, ஒருவருக்கு மட்டும் பரிசு. மற்றவர்களின் இரவுகளுக்குக் கூலியென்று எதுவும் கிடையாது. நமது ஃபிக்ஹு நூல்களில் இஜாரா வேறு, ஜுஆலா வேறு. முன்னதில் வேலையும் கூலியும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பின்னது காரியம் முடித்தவருக்கு அறிவிக்கப்படும் வெகுமதி. காணாமல் போன ஒட்டகத்தைத் தேடுவதற்குச் சொன்ன ஜுஆலாவைத் தினக் கூலிக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று நமது உலமாக்கள் ஆராய்ந்தால் நன்றாக இருக்கும். அவர்களுக்கு வேறு அவசர வேலைகள் இருக்கின்றன.

இவ்வளவும் அந்நியனைப் பற்றிய முறைப்பாடு. அந்நியனை ஏசுவது சுலபம். சபையில் கைதட்டலும் கிடைக்கும். நான் இதை எழுதத் தொடங்கியது அதற்காக அல்ல.

எங்கள் ஊரில் என்னிடம் படித்த ஒரு பெண் பிள்ளை. பெயர் வேண்டாம். உயர்தரத்தில் கலைப் பிரிவில் நல்ல பெறுபேறு, ஆங்கிலம் திறமை. வாப்பாவுக்கு நோய். ஆங்கில ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை செய்கிறாள். அந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுதி முடிக்க நான்கிலிருந்து ஆறு மணித்தியாலம் பிடிக்கும். பேசுபவர் அவுஸ்திரேலியராகவோ ஸ்கொட்லாந்துக்காரராகவோ இருந்தால் இன்னும் கூடும். ஆனால் அவளுக்கு எந்தத் தளத்திலும் கணக்கு இல்லை. கணக்குத் திறக்க முகம் தெரியும் படம் போட வேண்டும். அடையாளத்தை உறுதிப்படுத்தக் கெமராவுக்கு முன்னால் தோன்ற வேண்டி வரும். வீட்டில் அதற்கு விருப்பமில்லை. அந்த விருப்பமின்மையை நான் இங்கே விவாதிக்க வரவில்லை. வில்லை வாங்க வங்கி அட்டை வேண்டும், அதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நட்சத்திரமில்லாத புதுக் கணக்குக்கு வேலை கிடைக்காது.

எனவே நட்சத்திரமுள்ள ஒருவரின் கணக்கில் வேலை செய்கிறாள். ஊருக்குள் நல்ல பெயருள்ளவர், தூரத்துச் சொந்தம், ஸஃபில் முன்வரிசையில் நிற்கிறவர். அவரிடம் இப்படிப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். அவர் ஆங்கிலத்தில் பேசி வேலையை எடுப்பார், வட்ஸ்அப்பில் ஒலிப்பதிவை அனுப்புவார், எழுதியதை வாங்கித் தன் பெயரில் ஒப்படைப்பார்.

கணக்கைக் கேளுங்கள். வெளிநாட்டுக்காரர் ஒரு மணித்தியால ஒலிப்பதிவுக்குக் கொடுப்பது 24 டொலர். அது அவர் தவறுதலாக அனுப்பிய ஒரு படத்தில் தெரிந்துவிட்டது. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 7,200 ரூபாய். தளம் 10 வீதம் கழித்தாலும் 6,480 ரூபாய். அந்தப் பிள்ளைக்குப் பேசிய கூலி 1,500. பேசியது பேசியதுதான், குறைவென்று தெரிந்தே ஒப்புக்கொண்டாள் என்று வாதிக்கலாம். சரி, அந்த 1,500 ஆவது வந்ததா? நான்கு மாதங்களில் 62 மணித்தியால ஒலிப்பதிவு எழுதிக் கொடுத்திருக்கிறாள். 93,000 ரூபாய் வர வேண்டும். ஒரு சதமும் வரவில்லை. கேட்டால், “தங்கச்சி, கிளையன்ட் இன்னும் காசு போடல்ல. போட்ட உடனே தாறன்.”

கிளையன்ட் காசு போடவில்லையா? வேலை எடுத்தது எஸ்க்ரோ முறையில். கட்டம் கட்டமாகப் பணம் முன்கூட்டியே வைக்கப்பட்டால்தான் இந்த மனிதர் ஒலிப்பதிவையே அனுப்புவார். அதில் அவர் மிகக் கவனம், அவரே மேடையில் அதைப் படிப்பித்திருக்கிறார். 14 நாட்களில் பணம் விடுவிக்கப்பட்டு, அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்து, அவருடைய வீட்டு மேல்மாடிக்குக் கொங்கிரீட்டாகியும் விட்டது. 62 மணித்தியாலத்துக்கு நான்கு இலட்சத்து ஆயிரத்துச் சொச்சம். கொடுப்பனவுப் பாதுகாப்பு மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது. வெளிநாட்டுக்காரன் நாணயமாக நடந்திருக்கிறான். கலிபோர்னியாவிலிருந்து எங்கள் ஊர்ச் சந்தி வரை வந்த காசு, சந்தியிலிருந்து நான்காவது ஒழுங்கைக்குத்தான் வந்து சேரவில்லை.

அவள் தளத்திடம் முறையிட முடியாது. தளத்தைப் பொறுத்தவரை அப்படியொரு ஆள் இல்லை. ஒருவர் கணக்கில் இன்னொருவர் வேலை செய்வது அவர்களுடைய விதிக்கு மாறு. முறையிட்டால் கணக்கு மூடப்படும், மற்றப் பதினாலு பேருக்கும் வேலை போகும், ஊர் அவளைத்தான் ஏசும். “சேர், கேக்கவும் வெக்கமா இரிக்கு, அவரு எங்கட சொந்தக்காரர்” என்றாள்.

இப்படியான ஏற்பாடு புதிதல்ல. மருதமுனையில் கைத்தறி ஓங்கியிருந்த காலத்தில் நூலை முதலாளி கொடுப்பார், சாரத்தை முதலாளி வாங்குவார், தறி நெசவாளியின் வீட்டில் இருக்கும். சந்தை விலை என்னவென்று தறிக்குழிக்குள் கால் வைத்திருப்பவருக்குத் தெரியாது. இன்று தறி மடிக்கணினியாகிவிட்டது. ஒரே வித்தியாசம், நெசவாளி தான் நெய்த சாரத்தையாவது பிடித்து வைத்துக்கொள்ளலாம். இந்தப் பிள்ளை எழுதியது அனுப்பு என்ற பொத்தானை அழுத்திய மறுகணம் அவளுடையதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அக்கரைப்பற்றுப் பட்டினத்தில் ஒரு புடைவைக் கடையில் நிற்கும் பையனுக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் அவன் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். 1954 இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் அவன் பக்கம் நிற்கும். வேலையிலிருந்து நீக்கினால் 1950 இன் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபை இருக்கிறது. 1958 இன் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் அவன் 8 வீதமும் கட்ட வேண்டும். எல்லாக் கடைகளிலும் இது நடக்கிறதா என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனாலும் கேட்பதற்கு ஓர் இடமிருக்கிறது. இணையத்தில் வேலை செய்பவரைத் தளங்கள் ஊழியர் என்று அழைப்பதில்லை, சுயாதீன ஒப்பந்தக்காரர் என்கின்றன. சுயாதீனம் என்ற சொல்லுக்கு இப்படியொரு பொருள் இருப்பதை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

அரசாங்கம் தூங்கிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. வருமானத்தைக் கண்டால் அதற்கு விழிப்பு வருகிறது. வெளிநாட்டவருக்குச் சேவை செய்து வங்கி மூலம் கொண்டுவந்த அந்நியச் செலாவணிக்கு முன்பு வருமான வரி விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கு 15 வீதம் வரை வரி. வருடம் 18 இலட்சம் வரை உழைப்பவருக்கு வரி இல்லை என்பதால் எங்கள் கிராமத்துப் பிள்ளைகளில் அனேகர் தப்பிவிடுவார்கள், அது வேறு. வரி கேட்பதையும் நான் தப்பென்று சொல்லவில்லை. என் சம்பளமும் வரிப் பணத்தில்தான் வருகிறது. ஆனால் ஒருவருடைய உழைப்பை வரிக்கு வருமானம் என்று அடையாளம் காணத் தெரிந்த அரசுக்கு, அதே உழைப்பைக் கூலி என்று அடையாளம் காணத் தெரியவில்லை. பேபாலில் இலங்கையர் காசு அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை எத்தனை ஆட்சிகளைத் தாண்டி இருந்தது என்பதை இந்தப் பிள்ளைகள் அறிவர். தேர்தலுக்குத் தேர்தல் ‘பேபால் வருகிறது’ என்று பேச்சு வந்தது.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. நியூயோர்க் நகரத்தில் 2017 மே மாதம் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 800 டொலரோ அதற்கு மேலோ பெறுமதியான வேலையைச் சுயாதீனத் தொழிலாளியிடம் கொடுத்தால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். திகதி குறிக்காவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் காசு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இரட்டிப்பாகக் கேட்டு வழக்காடலாம். 2024 ஓகஸ்டில் அது அந்த மாநிலம் முழுவதற்கும் வந்தது. முதலாளித்துவத்தின் தலைநகரமே அதைச் செய்திருக்கிறது. 2025 ஜூனில் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் மாநாட்டில், தளங்கள் வழியாக வேலை செய்வோருக்கென்று ஒரு சமவாயமும் பரிந்துரையும் உருவாக்குவது பற்றி முதற் சுற்று விவாதம் நடந்தது. நமது அரசியல்வாதிகளில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்?

கலிபோர்னியாக் கம்பனியை நமது சட்டம் பிடிக்காது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தியில் மேல்மாடி கட்டுகிறவரைப் பிடிக்கும். பிறருக்கு வேலை பகிர்ந்து கொடுக்கும் கணக்குக்காரர் யாராக இருந்தாலும் கூலி, திகதி, திருத்தத்தின் எல்லை இவை மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டே வேலை அனுப்ப வேண்டும், வந்த டொலர்த் தொகையைத் தொழிலாளிக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் செய்ய வொஷிங்டனின் அனுமதி தேவையில்லை.

‘இப்படியெல்லாம் கேட்டால் வேலை பங்களாதேசுக்கும் பிலிப்பைன்சுக்கும் போய்விடும்’ என்ற பயமுறுத்தல் ஒன்று தயாராக இருக்கிறது. வேலை தருகிற வெளிநாட்டுக்காரர் இதில் ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்கப் போவதில்லையே! அவர் கொடுத்த காசு உரியவரிடம் சேர வேண்டும் என்பதுதான் பேச்சு. முல்லைக்காரனுக்கு நெல்லைக் கூட்டிக் கொடுத்தால் வயல் தரிசாகிவிடும் என்றும் ஒரு காலத்தில் சொன்னார்கள். வயல் இருக்கிறது. முல்லைக்காரனின் பேரன் இன்று பட்டதாரி.

சமூகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் வருத்தமெல்லாம் இங்கேதான். வட்டி பற்றி எத்தனை குத்பா கேட்டிருக்கிறோம். இலச்சினை பற்றி, பிறை பற்றி, ஆடையின் நீளம் பற்றி. கூலியைப் பற்றி மே மாதத்தில் ஒரு ஜும்ஆ. அதிலும் வியர்வை பற்றிய அந்த நபிமொழியைச் சொல்லிவிட்டு இஸ்லாத்தின் மேன்மைக்குப் போய்விடுவார்கள். கேட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் தலையை ஆட்டுவார். அளவை நிறுவையில் மோசடி செய்வோருக்கென்றே ஓர் அத்தியாயம் இறங்கியிருக்கிறது. தராசு இல்லாத இந்தக் காலத்தில் அது யாருக்குப் பொருந்தும் என்று ஒரு கதீபாவது விளக்கக் கூடாதா? கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் யார் வழக்காடுவார் என்பதைப் புகாரி ஓதிய மௌலவிமார் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

எழுத்தாளர்களாகிய நாமும் தப்பவில்லை. நெசவாளியைப் பற்றியும் மீனவரைப் பற்றியும் நமது கதைகள் எத்தனை! வெளிநாட்டுக்குப் போன பணிப்பெண்ணைப் பற்றியும் எழுதினோம், நன்றாகவே எழுதினோம். இராப் பன்னிரண்டு மணிக்குக் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, தான் ஒருபோதும் காணப்போகாத ஒரு ஊரின் மாநகர சபைக் கூட்டத்தைச் சொல் சொல்லாக எழுதுகிற பிள்ளையைப் பற்றி ஒரு சிறுகதை என் கண்ணில் படவில்லை. சஞ்சிகைகள் நமக்குச் சன்மானம் தருவதில்லை, நாமும் கேட்பதில்லை. கூலி கேட்காமல் வேலை செய்து பழகியவர்களுக்கு மற்றவரின் கூலி கண்ணில் படாமல் போவது ஆச்சரியமில்லை.

அந்தப் பிள்ளையின் விடயத்தைப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கு எடுத்துப் போனோம். காணி எல்லைப் பிணக்கு, தலாக், சீதன வீடு எல்லாவற்றையும் விசாரிக்கிற சபை. “கடுதாசி இருக்கா மாஸ்டர்?” என்று கேட்டார்கள். வட்ஸ்அப் இருக்கிறது என்றேன். “அதெல்லாம் கடுதாசியா?” என்றார் ஒருவர். 2006 இன் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதையும் சாட்சியமாக ஏற்கிறது என்று விளக்கப் பார்த்தேன். கேட்பதற்குப் பொறுமை இருக்கவில்லை. இன்னொருவர், “வீட்டில இருந்து செய்றதுதானே, அது ஒரு வேலையா?” என்றார்.

ஆகவே மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கிறோம். 1988 இன் சட்டத்தின் கீழ் பிரதேசந்தோறும் அந்தச் சபைகள் இருக்கின்றன. சிறு கடன் பிணக்குகளை நீதிமன்றத்துக்கு முன்னர் அங்கேதான் கொண்டு போக வேண்டும். சட்டத்தரணி தேவையில்லை. விண்ணப்பத்தைத் தமிழில் நானே எழுதினேன். திகதிவாரியாக எந்த ஒலிப்பதிவு, எத்தனை நிமிடம், எப்போது ஒப்படைத்தது, அவர் என்ன பதில் அனுப்பினார் என்று 41 பக்கம் அச்செடுத்து இணைத்திருக்கிறோம். அச்சுச் செலவு 820 ரூபாய். அதையும் கோரிக்கையில் சேர்க்கச் சொன்னேன், அவள் வேண்டாமென்றாள். நான் சேர்த்துவிட்டேன். இதே கணக்கில் வேலை செய்த இன்னும் இரண்டு பிள்ளைகள் போன வாரம் தங்கள் கொப்பிகளைக் கொண்டுவந்தார்கள்.